துணைக்கு எழுதுபவள்

கருமாரி துணை
திருவேற்காடு,
22-8-1971

சகோதரி புஷ்பாவுக்கு,

முன்பின் பார்த்திராத வேம்புலியம்மாள் எழுதுவது. நான் நல்லபடியாக இருக்கிறேன். நீங்களும் வீட்டுக்காரரும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

டாக்டர் பார்த்தசாரதி என்னைப் பற்றி உங்களிடம் சொல்லியிருப்பார். மனநோய் ஆஸ்பத்திரியில் இருந்து தேறியவர்கள், புதிதாக வீடு திரும்பியவர்களுக்குத் துணையாகக் கடிதம் எழுதினால் என்ன பலன் என்று அவர் ஒரு ஆராய்ச்சி செய்கிறார். மறுபடி ஆஸ்பத்திரிக்கு வருவது குறைகிறதா என்று பார்க்கிறாராம். எங்களில் சிலரைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒருவரை ஒப்படைத்திருக்கிறார். எனக்கு நீங்கள்.

நான் இரண்டு தடவை உள்ளே இருந்தவள். கடைசியாக வெளியே வந்து ஆறு வருஷம் இருக்கும். இப்போது அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட் நட்டு கம்பெனியில் பாக்கிங் வேலைக்குப் போகிறேன். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. புத்தி சொல்ல வரவில்லை. வீட்டில் சொல்ல முடியாதது ஏதாவது இருந்தால் எனக்கு எழுதலாம், அவ்வளவுதான்.

பதில் போட்டால் சந்தோஷப்படுவேன்.

இப்படிக்கு,
வேம்புலியம்மாள்

*

ஆவடி,
4-9-1971

வேம்புலியம்மாள் அவர்களுக்கு,

சுகம் விசாரித்திருந்தீர்கள். சுகம்தான். நீங்களும் சுகமாக இருங்கள்.

உங்கள் கடிதத்தை என் கணவர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் என்னிடம் தந்தார். "உன்ன மாதிரியே ஒரு ஆளு எழுதிகீது, பாரு" என்றார். இனி எழுதுவதானால் பக்கத்து வீட்டு முத்தம்மாள் பெயருக்கு எழுதுங்கள். மேல்விலாசம் பின்னால் இருக்கிறது. அவளுக்குப் படிக்கத் தெரியாது.

எனக்குச் சில விஷயங்கள் தெரிய வேண்டும். உங்களுக்கு இன்லண்டு லெட்டர் யார் வாங்கித் தருகிறார்கள்? எனக்கு எழுதுவதால் உங்களுக்கு என்ன கிடைக்கிறது? என் பெயரைக் கொடுத்தது டாக்டரா, என் நாத்தனாரா?

உள்ளே இருந்தவள் என்கிறீர்கள். யார் வேண்டுமானாலும் அப்படி எழுதலாம். பெண்கள் வார்டில் காலையில் மாத்திரை கொடுத்தபிறகு நர்ஸ் என்ன செய்யச் சொல்வார்? அதை எழுதுங்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

புஷ்பா

*

கருமாரி துணை
திருவேற்காடு,
12-9-1971

சகோதரி புஷ்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் கடிதம் கிடைத்தது.

வாயைத் திறக்கச் சொல்வார். நாக்கைத் தூக்கச் சொல்வார். அப்படியும் நம்பிக்கை வராவிட்டால் விரலை விட்டுக் கன்னத்துக்குள் துழாவிப் பார்ப்பார். விரலில் சோப்பு வாடை அடிக்கும். போதுமா?

இன்லண்டு லெட்டர் டாக்டர் வாங்கித் தருவது. உங்கள் பெயரைக் கொடுத்ததும் அவர்தான். உங்கள் நாத்தனார் யாரென்றே எனக்குத் தெரியாது. என்ன கிடைக்கிறது என்று கேட்டீர்கள். சனிக்கிழமை போனால் டாக்டர் எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்கிறார். நான் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்கிறார். அது கிடைக்கிறது.

நீங்கள் கேட்டதற்குப் பதிலாக நான் ஒன்று சொல்கிறேன். நான் ஆஸ்பத்திரியில் இருந்தவள் என்று கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே நின்றுகொள்ளச் சொல்லிவிடுவார்கள். இப்போது என் குடுமி உங்கள் கையில் இருக்கிறது. இனியாவது பயமில்லாமல் எழுதுங்கள்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

வேம்புலியம்மாள்

*

ஆவடி,
10-10-1971

அக்காவுக்கு,

அப்படிக் கூப்பிடலாமா தெரியவில்லை. கூப்பிட்டுவிட்டேன். நான் நன்றாக இருப்பதாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். நீங்கள் சௌக்கியமா?

ஆஸ்பத்திரியில் இருந்து வந்தபிறகு காலையும் மாலையும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். தூக்கம் அமுக்கும். ஒரு நாள் என் மகள் நாகு பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் தட்டியிருக்கிறாள். எனக்குக் கேட்கவே இல்லை. குழந்தை அழுதுகொண்டு தெருவில் நின்றிருக்கிறது. மறுநாளே அவளைத் திருத்தணியில் மாமியாரிடம் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். "நீ தேறிக்கோ, அப்பால இட்டாரலாம்" என்றார் இவர். என்னைப் பார்த்துக்கொள்ள இவருடைய அக்கா தாயம்மாள் வந்து சேர்ந்தார்.

ஆடி மாதத்தில் மாத்திரையைத் துப்பிவிட்டேன். இனிமேல் வேண்டாம் என்று இவரிடம் நேராகவே சொன்னேன். சண்டை போடுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நாள் போட்டார். அப்புறம் ஒரு நாள் திடீரென்று "சரி, வேணாம் உடு" என்றார். அவ்வளவு சுலபமாக விடுகிறவர் இல்லை அவர். என் சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது.

அதற்குப்பிறகு எனக்குக் காபி தனியாக வருகிறது. இவருக்குக் கூடத்தில் வைத்து ஆற்றிக் கொடுக்கும் நாத்தனார், என் டம்ளரை மட்டும் அடுப்படிக்குள்ளேயே ஆற்றிக் கொண்டுவருகிறார். குடித்தால் கசக்கிறது. கொஞ்ச நேரத்தில் நாக்கு நுனி மரத்துப்போகிறது. ஒரு நாள் விளையாட்டுப்போல இவர் டம்ளரை எடுத்து என் வாயில் வைத்துக்கொண்டு, என்னுடையதை அவர் பக்கம் தள்ளினேன். நாத்தனார் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார். முகம் வெளிறிப்போயிற்று.

இவரிடம் கேட்டதற்கு, "சந்தேகந்தான்டி உன் சீக்கே. இத்த டாக்டராண்ட சொன்னா இன்னா பண்ணுவாரு தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியும். அதனால்தான் வாயை மூடிக்கொண்டு குடிக்கிறேன்.

என்னை மறுபடி பைத்தியமாக்கி அனுப்பிவிட்டு, இவருக்கு வேறு பெண் பார்க்கிறார்களோ என்று பயமாக இருக்கிறது. நாகு அப்படியே அங்கேயே இருந்துவிடுவாள். இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

புஷ்பா

*

கருமாரி துணை
திருவேற்காடு,
18-10-1971

அன்புள்ள புஷ்பாவுக்கு,

சௌக்கியம். உன் கடிதம் படித்து மனசு கஷ்டப்பட்டது. வயதில் மூத்தவள் என்பதால் நீ என்று எழுதுகிறேன், தப்பாக நினைக்காதே.

சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்று எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியிருக்கிறது. அண்ணன் வீட்டுச் சோற்றைக் கையால் தொடமாட்டேன். கோயில் வாசலில் கொடுப்பதை வாங்கித் தின்பேன். பிறகுதான் தெரிந்தது, சோறு நல்ல சோறு, நோய் என் மண்டையில் என்று. உனக்கும் அதுதான் ஆரம்பிக்கிறதோ என்று நினைக்கிறேன். மாத்திரையை நிறுத்தியது தப்பு. வீட்டில் இருப்பவர்களைப் பகைத்துக்கொள்ளாதே. இந்தச் சனிக்கிழமையே டாக்டரைப் பார்.

உன் மகள் சீக்கிரம் வந்துவிடுவாள். தைரியமாக இரு.

வேம்புலியம்மாள்

*

ஆவடி,
8-11-1971

வேம்புலியம்மாள் அவர்களுக்கு,

சனிக்கிழமை போனோம். உட்கார்ந்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல காபி எல்லாம் எப்படிம்மா இருக்கு?"

நான் காபியைப் பற்றி என் கணவரிடமும் உங்களிடமும் மட்டும்தான் சொன்னேன். என் கணவர் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டு அவரே திடுக்கிட்டார்.

"காபி நன்றாக இருக்கிறது" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். இனி எழுத வேண்டாம்.

*

கருமாரி துணை
திருவேற்காடு,
14-11-1971

அன்புள்ள புஷ்பாவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை.

மாதா மாதம் உன்னைப் பற்றி டாக்டருக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஆராய்ச்சிக்கு வேண்டும் என்றார். ஒழுங்காகப் பேசுகிறாளா, பயப்படுகிறாளா, யாரையாவது சந்தேகப்படுகிறாளா என்று கேட்பார். முதல் கடிதத்திலேயே இதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எழுதமாட்டாய் என்று விட்டுவிட்டேன். உன் நன்மைக்குத்தான் என்று நினைத்தேன். உன் கடிதத்தைப் பிரித்துப் படித்த உன் வீட்டுக்காரரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

இந்த மாதம் எழுதிக் கொடுக்கவில்லை. அவளைக் கேட்காமல் இனி ஒரு எழுத்தும் எழுதமாட்டேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

நீ சம்மதித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன். வேண்டாம் என்றால் வரவில்லை.

வேம்புலியம்மாள்

*

ஆவடி,
12-12-1971

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீங்களும் அப்படித்தானே?

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதவில்லை. இங்கே நடப்பதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருக்கிறது.

பாகிஸ்தானோடு சண்டை ஆரம்பித்ததில் இருந்து இவருக்கு டாங்கி பாக்டரியில் ஓயாமல் ஓவர்டைம். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருக்கிறோம். குவார்ட்டர்ஸ் முழுக்க ஒற்றன் பேச்சு. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவன் ஒருவன் வந்தான். பத்து வருஷமாக வருகிறவன். "இவன் எதுக்கு கேட்டாண்டயே நிக்கிறான்?" என்று நாலு பேர் பிடித்துக்கொண்டுபோய் காவலில் ஒப்படைத்துவிட்டார்கள். பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் எவனோ டார்ச் அடித்தான் என்று முத்தம்மாள் சொல்கிறாள். அவள் பார்க்கவில்லை, யாரோ பார்த்தார்களாம். நாத்தனார் தபால்காரரைக்கூட முறைத்துப் பார்க்கிறார். இவரே சொல்கிறார், "யாரையும் நம்பாத."

ஊரே சந்தேகப்படுகிறது, அக்கா. யாருக்கும் மாத்திரை கொடுக்கவில்லை.

எனக்குக் கை நடுங்குகிறது. இந்த எழுத்தைப் பார்த்தாலே தெரியும். வாய் வறண்டு போகிறது. மாத்திரை சாப்பிட்ட நாளில் வந்த அதே தொந்தரவுகள். மாத்திரையை நிறுத்தியவளுக்கு ஏன் அதெல்லாம் வர வேண்டும்? இதையும் டாக்டருக்கு எழுதுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. இல்லாவிட்டால் நீங்களே வந்து பாருங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை இவருக்கு லீவு. கேட்டில் கேட்டால் புஷ்பாவின் அக்கா என்று சொல்லுங்கள்.

புஷ்பா

*

கருமாரி துணை
திருவேற்காடு,
21-12-1971

அன்புள்ள புஷ்பாவுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். சண்டை ஓய்ந்தது எல்லோருக்கும் நிம்மதி.

உன்னை நேரில் பார்த்ததில் சந்தோஷம். உன் வீட்டுக்காரர் கஜபதி முதலில் "இன்னா சமாசாரமா வந்துகிறீங்க?" என்று கேட்டபோது பயந்துவிட்டேன். பிறகு நன்றாகத்தான் பேசினார். உன் நாத்தனாரும் குறையில்லாமல் உபசரித்தார். பஸ் கிடைக்கத் தாமதமாகிவிட்டது. வெயிலில் அதிகம் நிற்காதே, முகம் கறுத்திருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை. பொங்கலுக்குப் பிறகு எழுதுகிறேன்.

வேம்புலியம்மாள்

*

ஆவடி,
4-1-1972

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னிக்க வேண்டும்.

அன்று கை கழுவ அடுப்படிக்குள் போனீர்கள். போகும்போது சிரித்துக்கொண்டு போனீர்கள். வரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காபியைக் கொண்டுவந்து வைத்தபோது ஏதோ சொல்ல வாயெடுத்தீர்கள். பிறகு பஸ்ஸைப் பற்றிப் பேசினீர்கள். உங்கள் கடிதமும் பஸ்ஸைப் பற்றித்தான் பேசுகிறது.

உள்ளே என்ன பார்த்தீர்கள்?

ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்று எழுதுங்கள். நான் ஏற்றுக்கொள்கிறேன். நோய்தான் என்று நானே டாக்டரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன். ஆனால் எழுதாமல் இருக்காதீர்கள்.

புஷ்பா

*

கருமாரி துணை
திருவேற்காடு,
15-1-1972

அன்புள்ள புஷ்பாவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தனியாக உட்கார்ந்து படி. படித்துவிட்டு உடனே எழுந்து ஒன்றும் செய்யாதே.

நான் உள்ளே போனபோது உன் நாத்தனார் ஒரு காகிதத்தை மடித்து, அதன்மேல் சப்பாத்திக் கட்டையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். பிரித்தார், உள்ளே தூள். என்னைப் பார்த்ததும் முந்தானையால் மூடினார்.

"இன்னாம்மா அது?" என்றேன்.

"சக்கரை."

நான் முந்தானையை விலக்கி விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கசப்பு. கொஞ்ச நேரத்தில் மரத்தது. ஆஸ்பத்திரியில் மாத்திரையை விழுங்காமல் கடித்தவர்களுக்கு அந்த மரமரப்பு தெரியும். நானும் கடித்தவள். நாக்கு மரக்கிறது என்று நீ எழுதியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நோய் என்று ஒருமுறை முடிவு கட்டிவிட்டால் எதுவும் உறைப்பதில்லை.

உன் நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அதுகிட்ட சொல்லிடாதக்கா. ஆடி மாசம் மாத்திரைய துப்பிட்டு, கண்ண மூடாம செவுத்தாண்ட பேசிகினு இருந்திச்சே, நீ பாத்தியா? என் தம்பி வேலைக்கு போவாம காவ காத்துகினு கெடந்தான். ஆஸ்பத்திரி கம்பவுண்டர்தான் காபியில போட்டு குடுங்கன்னாரு. அன்னிலேர்ந்துதான் துன்னுது, தூங்குது. நான் இன்னா வெஷமா வெக்கிறேன்?"

"சொல்லிட்டு குடுக்கலாமே."

"சொன்னா குடிக்குமா?"

நான் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அதனால்தான் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சொன்னால் நீ மொத்தமாக நிறுத்திவிடுவாய், மறுபடி உள்ளே போவாய், அந்தப் பழி என் தலையில் விழும் என்று பயந்தேன்.

இப்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். உன் சந்தேகம் நிஜம். நீ இத்தனை நாள் தெளிவாக இருப்பதில் அந்தத் தூளுக்கும் பங்கு உண்டு, அதுவும் நிஜம். ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைத்தால் நானும் அந்தக் காகிதத்தை மடித்தவள்தான். இன்னொரு கல்யாணப் பேச்சு இருக்கிறதா என்று கேட்டேன். உன் நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். அப்படி ஒரு பேச்சே இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பது உன் இஷ்டம். சனிக்கிழமை துணைக்கு வரச் சொன்னால் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வருகிறேன். உன் பக்கத்தில் உட்காருவேன். நீ கேட்டால்தான் பேசுவேன்.

வேம்புலியம்மாள்

*

ஆவடி,
12-3-1972

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் மூட்டு வலி எப்படி இருக்கிறது? அன்று ஆஸ்பத்திரிப் படியில் நீங்கள் கஷ்டப்பட்டு ஏறியதைப் பார்த்தேன், கேட்க முடியாமல் போய்விட்டது. நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் காலை நாத்தனார் காபி கொண்டுவந்தார். "அண்ணி, இதுல எத்தினி மாத்திரை போட்டீங்க?" என்று கேட்டேன். டம்ளர் அவர் கையிலிருந்து நழுவிவிட்டது. இவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். கத்துவார் என்று பார்த்தேன். "உன்ன அங்க இட்டுனு போயி உட்டுட்டு, நான் மட்டும் திரும்பி வந்தேன் பாரு. இன்னொரு தபா என்னால ஆவாதுடி" என்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அப்போதும் எனக்குக் கோபம் தணியவில்லை.

அன்றோடு காபியை நிறுத்தினேன். நீங்கள் பயந்தது நடந்தது. சில நாளில் தூக்கம் போயிற்று. முத்தம்மாள் வீட்டில் பேசுவதெல்லாம் என்னைப் பற்றித்தான் என்று தோன்ற ஆரம்பித்தது. இந்தச் சந்தேகத்துக்கும் காபிச் சந்தேகத்துக்கும் என்னால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. எது என்னுடையது, எது நோயினுடையது என்று கேட்க ஆள் வேண்டியிருந்தது. அதனால்தான் உங்களை வரச் சொல்லித் தந்தி அடிக்கும்படி இவரிடம் சொன்னேன்.

டாக்டர் அன்று சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். "மாத்திரையை எப்படியாவது கொடுங்கன்னு நான்தான் சொன்னேன். எப்படிக் கொடுக்கிறீங்கன்னு கேட்கல. கேட்டிருக்கணும்." அவர் வாயில் இருந்து அது வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆராய்ச்சியைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று அவர் கேட்டபோது, துணைக்கு எழுதுகிறவர்கள் எங்களைப் பற்றி என்ன எழுதிக் கொடுத்தாலும் முதலில் எங்களிடம் படித்துக் காட்ட வேண்டும் என்றேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். உங்களைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. கொஞ்சம் குத்துவதற்காகவும்தான்.

அளவைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார். இரவில் மட்டும். மாத்திரை என் பெட்டியில் இருக்கிறது. நானே எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். இவர் வேறு வேலையாக இருப்பதுபோல ஓரக்கண்ணால் பார்க்கிறார். பார்க்கட்டும். பகலில் தூக்கம் இல்லை. முத்தம்மாள் வீட்டில் அவர்கள் பேசுவது அவர்கள் ரேஷன் அரிசியைப் பற்றித்தான்.

நாத்தனார் ஊருக்குப் போய்விட்டார். போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ராப்பகலாகப் பார்த்துக்கொண்டவர்மேல் விஷம் வைத்தவள் என்ற பழி விழுந்துவிட்டதே என்று அவருக்குக் கோபம். அது நியாயம்தான். என் கோபமும் நியாயம்தான்.

உங்களையும் நான் முழுதாக நம்பிவிடவில்லை, அக்கா. இதை எழுதும்போதும், டாக்டர் இதைப் படிப்பாரோ என்று ஒரு நினைப்பு ஓடுகிறது. ஆனால் அதை உங்களிடமே எழுத முடிகிறது. வேறு யாரிடமும் முடியவில்லை.

நாகு போன வாரம் வந்துவிட்டாள். வளர்ந்திருக்கிறாள். எட்ட நின்றே பார்த்தாள். முதல் நாள் சோறு பிசைந்து உருட்டி நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அம்மா கையால துன்னாத, அதுக்கு புத்தி சரியில்ல, எதனா கலந்துடும்னு திருத்தணி ஆயா சொல்லிச்சி" என்றாள்.

இவர் அடிக்கக் கையை ஓங்கினார். நான் பிடித்துக்கொண்டேன். சோற்றுப் பானையையும் குழம்புச் சட்டியையும் அவள் முன்னால் நகர்த்திவைத்துக் கரண்டியைக் கையில் கொடுத்தேன். "நீயே பாத்துப் போட்டுக்கோ. எனக்கும் நீயே போடு" என்றேன்.

சட்டியை அடிவரைக்கும் கிளறிப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். எனக்கு ஒரு கரண்டி போட்டுவிட்டு, நான் மென்று விழுங்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம்தான் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். இந்த வாரம் முழுக்க அப்படித்தான். இவருக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை, எழுந்து வெளியே போய்விடுகிறார். நான் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று மத்தியானம் முகர்ந்து பார்க்க மறந்துவிட்டாள். நான் ஞாபகப்படுத்தவில்லை.

மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். பதில் எழுதுங்கள்.

உங்கள்,
புஷ்பா